கொழும்பில் இருந்து பொதுவில் எழுதுமுன்: சிம் முதல் சட்டத்தரணி வரை செய்ய வேண்டியவை

ஒழுங்கையில் அள்ளாத குப்பை, சம்பளம் தராத கடை முதலாளி, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் போராட்டம் என எதைப் பற்றியும் கொழும்பில் இருந்து தமிழில் எழுதுகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். முகநூல் பக்கம் நடத்துபவர், பல்கலைக்கழக மாணவர், தொழிற்சங்கத்தில் இருப்பவர், ஊர்ச் சங்க வாட்ஸ்அப் குழுவின் அட்மின் என எவருக்கும் பொருந்தும்.

அநேகர் இந்த வேலைகளைப் பிரச்சினை வந்த பிறகுதான் தொடங்குகிறார்கள். அப்போது பாதி வேலை கைக்கு எட்டாது. சிம் வேறொருவர் பெயரில் இருக்கும். ஜிமெயிலுக்குள் போக வழி இராது. பொலிஸில் இருந்து அழைப்பு வந்திருக்கும், ஒரு சட்டத்தரணியின் இலக்கமும் தெரிந்திராது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். சிம் சரியில்லாமல் மின்னஞ்சலைக் காப்பாற்ற முடியாது, மின்னஞ்சல் சரியில்லாமல் முகநூலைக் காப்பாற்ற முடியாது.

தேவையான நேரம்: சிம் வேலைக்கு ஒரு வேலை நாளின் காலை, மற்றவற்றுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையின் அரை நாள். செலவு: ஒரு சிறிய கொப்பி, சில போட்டோகொப்பிகள், ஒரு கடித உறை. கீழே சொல்லும் செயலிகள் எல்லாம் இலவசம்.

1. யாரிடமிருந்து எதைக் காக்கப் போகிறீர்கள்?

ஒரு தாளில் மூன்று பெயர் எழுதுங்கள்: உங்கள் எழுத்தால் கோபப்படக் கூடியவர், உங்கள் போனைக் கையில் எடுக்கக் கூடியவர், உங்களை நம்பித் தகவல் தந்தவர். மூன்றுக்கும் பாதுகாப்பு வேறு. வீட்டிலோ போர்டிங்கிலோ போனை எடுத்துப் பார்ப்பவருக்குப் பூட்டுப் போதும். வேலைத்தல முதலாளிக்குத் தெரியாமல் இருக்கப் புனைபெயர் போதும். தகவல் தந்தவரைக் காக்க இரண்டும் போதாது, அவர் பெயர் உங்கள் போனில் இல்லாமலே இருக்க வேண்டும். இதைத் தீர்மானிக்காமல் செயலிகளை அடுக்கிக்கொண்டு போவதில் பயனில்லை.

2. சிம் யார் பெயரில்?

வடக்கு கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் கொழும்புக்குப் படிக்கவும் வேலைக்கும் வந்தவர்கள் பலர் மாமாவின் பெயரிலோ, முதல் போர்டிங் அண்ணாவின் பெயரிலோ எடுத்த சிம்மைத்தான் ஆண்டுக்கணக்கில் பாவிக்கிறார்கள். அந்த அண்ணா கனடா போயிருப்பார். சிம் தொலைந்தால் புதிய சிம்மை அதே இலக்கத்துக்கு வாங்கப் பதிவுப் பெயருக்கு உரியவர் நேரில் வர வேண்டும். அவர் இல்லையென்றால் இலக்கம் போய்விடும், அதனுடன் வாட்ஸ்அப், ஜிமெயில், வங்கியிலிருந்து வரும் ஓடிபி (ஒரு தடவை மட்டும் செல்லும் இரகசிய இலக்கம்) எல்லாம் போய்விடும்.

செய்ய வேண்டியது: தேசிய அடையாள அட்டையின் மூலத்தையும் ஒரு போட்டோகொப்பியையும் எடுத்துக்கொண்டு உங்கள் தொலைபேசி நிறுவனத்தின் சேவை நிலையத்துக்குப் போங்கள். உங்கள் இலக்கம் யார் பெயரில் இருக்கிறது, உங்கள் அடையாள அட்டையில் வேறு எத்தனை சிம் பதிவாகி இருக்கிறது என்று இரண்டு கேள்வி கேளுங்கள். நீங்கள் எடுக்காத சிம் இருந்தால் அங்கேயே துண்டிக்க எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ஆதாரம் வாங்குங்கள். பெயர் மாற்றத்துக்குப் பழைய உரிமையாளரும் வர வேண்டியிருக்கும். அவர் வெளிநாட்டில் என்றால் அந்த இலக்கத்தை நம்பாமல் உங்கள் பெயரில் புதியது எடுத்து, கணக்குகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பழைய சிம்மை எல்லாம் மாற்றி முடியும்வரை ரீலோட் போட்டு உயிரோடு வைத்திருங்கள். கைவிட்ட இலக்கம் சில காலத்தின் பின் வேறொருவருக்கு விற்கப்படும். அவர் வாட்ஸ்அப் திறக்கும் நாளில் உங்கள் பழைய குழுக்களின் செய்திகள் அவருக்கு வரத் தொடங்கலாம்.

இங்கே ஒரு பொறி: "பேர் தெரியாமல் இருக்க வேறொருவரின் சிம்மில் எழுதலாம்" என்று சிலர் நினைக்கிறார்கள். விசாரணை வந்தால் முதலில் கதவு தட்டப்படுவது அந்த மற்றவரின் வீட்டில். உங்கள் தங்கையின் அடையாள அட்டையில் எடுத்த சிம்மில் அரசியல் எழுதாதீர்கள்.

அடையாள அட்டை இலக்கத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். பழைய அட்டையின் முதல் 2 இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த 3 இலக்கம் ஆண்டில் எத்தனையாவது நாள். பெண் என்றால் அதனுடன் 500 கூட்டியிருக்கும். புதிய 12 இலக்க அட்டையில் முதல் 4 ஆண்டு, அடுத்த 3 நாள். ஆகவே இலக்கத்தைக் கொடுப்பது பிறந்த திகதியைக் கொடுப்பதற்குச் சமம். அந்தத் திகதியைக் கடவுச்சொல்லாக வைக்கக் கூடாது என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை. போட்டோகொப்பி கொடுக்கும்போது அதன் குறுக்கே பேனாவால் இன்ன தேவைக்கு மட்டும் என்றும் திகதியும் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொன்னாலும் முதலில் தாளில் எழுதிவிட்டு அந்தத் தாளைப் படம் எடுங்கள்.

3. போனின் பூட்டு

கோடு இழுக்கும் பெட்டன் பூட்டை விடுங்கள். பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவர் ஒரு தடவை பார்த்தாலே மனத்தில் நிற்கும், திரையில் விரல் எண்ணெய்த் தடமும் தெரியும். குறைந்தது 6 இலக்கம், முடிந்தால் எழுத்தும் எண்ணும் கலந்த 10 எழுத்து வையுங்கள். கைரேகையும் முகமும் அன்றாடத்துக்கு வசதிதான். ஆனால் உங்கள் விரலை இன்னொருவர் பிடித்து வைக்கலாம். ஆர்ப்பாட்டத்துக்கோ விசாரணைக்கோ போகும்போது போனை நிறுத்திவிட்டுப் போங்கள். மீண்டும் இயக்கும்போது கைரேகை வேலை செய்யாது, கடவுச்சொல்தான் கேட்கும். ஐபோனில் பக்கப் பொத்தானையும் ஒலிப் பொத்தானையும் சேர்த்துச் சில விநாடி அழுத்தினாலும் இதே விளைவு. அண்ட்ரொய்டில் பவர் பட்டியலில் 'லொக்டவுன்' என்று ஒன்று இருக்கும், சில போன்களில் அதை செட்டிங்ஸில் முதலில் இயக்க வேண்டும்.

பூட்டிய திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரிவதை நிறுத்துங்கள். பூட்டு எவ்வளவு பலமாக இருந்தாலும், மேசையில் கிடக்கும் போனில் "நாளைக்கு 4 மணிக்கு அந்தப் பைலைக் கொண்டு வாறன்" என்று வந்து நின்றால் பயனில்லை.

அடுத்து, திருத்தக் கொடுப்பது. உடைந்த திரையை மாற்றக் கடைக்குப் போனால் முதலில் கேட்பது பூட்டைத்தான். நீங்கள் சொன்னதும் வெள்ளை டேப்பில் அதை எழுதி, போனின் முதுகில் ஒட்டி, வரிசையில் வைப்பார்கள். மாலை வரை அது அங்கே கிடக்கும், கடைக்கு வருகிற போகிற எவரும் வாசிக்கலாம். திரை மாற்றப் பூட்டுத் தேவையில்லை. தொடுதிரை வேலை செய்கிறதா என்று பார்க்க மட்டும் கேட்கிறார்கள், அதை நீங்களே பக்கத்தில் நின்று திறந்து காட்டலாம். விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றால் சாம்சங்கில் 'மெயின்டனன்ஸ் மோட்', பிக்சலில் 'ரிப்பேர் மோட்' இயக்குங்கள். உங்கள் படங்களும் செய்திகளும் மறைந்து வெறும் போனாகத் தெரியும். இரண்டும் இல்லாத போன் என்றால் முழுதும் பேக்கப் எடுத்து, ரீசெட் செய்துவிட்டுக் கொடுங்கள். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றுவதை மறக்க வேண்டாம். கார்டுக்குப் பெரும்பாலும் பூட்டே இல்லை, எந்தக் கணினியிலும் திறக்கும்.

4. மின்னஞ்சல், பிறகு முகநூல்

மின்னஞ்சலைப் பிடித்தவர் மற்ற எல்லாக் கணக்கையும் "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று சொல்லியே எடுத்துவிடலாம். அதனால் அதற்குத்தான் நல்ல பூட்டு வேண்டும். கொம்யூனிகேஷன் கடையிலோ உறவுக்காரத் தம்பியோ திறந்து தந்த ஜிமெயில் என்றால், மீட்பு இலக்கமாகவும் மீட்பு மின்னஞ்சலாகவும் அவர்களுடையதே இன்னும் இருக்கக் கூடும். கூகுள் கணக்கில் 'செக்கியூரிட்டி' பகுதியைத் திறந்து இந்த ஒழுங்கில் செய்யுங்கள்:

முதலில் மீட்பு இலக்கம், மீட்பு மின்னஞ்சல் இரண்டும் உங்களுடையவையா என்று பாருங்கள். பிறகு 'யுவர் டிவைசஸ்' பட்டியலில் தெரியாத போனையும் கணினியையும் வெளியேற்றுங்கள். பிறகு கடவுச்சொல்லை மாற்றுங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 5 தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தொடர்ச்சியாக அடித்தால் நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் கடினம். திருக்குறள் அடியோ பாட்டு வரியோ வேண்டாம், அவை எல்லோருக்கும் தெரிந்த வரிசை. கடைசியாக, கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு கோடும் கேட்கும் இரு படிச் சரிபார்ப்பை இயக்குங்கள். குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியை விட, போனிலேயே கோட் உருவாக்கும் ஓத்தென்டிகேட்டர் செயலி நல்லது, ஏனென்றால் உங்கள் பெயரில் மாற்றுச் சிம் எடுக்கிறவனுக்கு ஓடிபியும் போய்விடும். அண்ட்ரொய்டில் ஏஜிஸ், அண்ட்ரொய்டு ஐபோன் இரண்டிலும் கூகுள் ஓத்தென்டிகேட்டர் கிடைக்கும். யூஎஸ்பி போன்ற பாதுகாப்புச் சாவி இன்னும் உறுதியானது, ஆனால் ஒன்று சுமார் 30 அமெரிக்க டொலர், அனுப்பும் செலவும் வரியும் வேறு, இரண்டு வாங்க வேண்டும். ஊடகவியலாளருக்கு அது பெறுமதி, தொடக்கக்காரருக்குச் செயலி போதும்.

இரு படியை இயக்கியதும் கூகுள் 10 பேக்கப் கோட் தரும், ஒவ்வொன்றும் 8 இலக்கம். முகநூலும் இவ்வாறே தரும். அவற்றைக் கொப்பியில் பேனாவால் எழுதுங்கள். ஸ்கிரீன்ஷொட் எடுத்தால் அது கூகுள் ஃபோட்டோஸுக்குப் போய், திறக்க வேண்டிய பூட்டுக்குள்ளேயே சாவி அகப்பட்டுவிடும். போன் தொலைந்த அன்று கணக்கைத் திறக்க உங்களிடம் இருக்கப் போவது இந்தத் தாள் மட்டும்தான். ஒரு பிரதியை உறைக்குள் போட்டு ஒட்டி, வீட்டில் இல்லாத, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

முகநூலிலும் அதே ஒழுங்கு. பக்கம் நடத்துபவர்கள் இரண்டு விடயம் கவனிக்க வேண்டும். ஒன்று, பக்கத்துக்கு ஒரே அட்மின் இருக்கக் கூடாது. அவர் கணக்கு முடங்கினால் பக்கம் அநாதையாகிவிடும். இரண்டு, பக்கத்தின் 'பேஜ் ட்ரான்ஸ்பேரன்சி' பகுதியில் அதை நடத்துபவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று எவரும் பார்க்கலாம். லண்டனில் இருந்து எழுதுவதாகக் காட்டிக்கொள்ளும் பக்கத்தில் "இலங்கை" என்று நிற்கும்.

புனைபெயரின் எல்லை இதுதான்: அயலவரிடமிருந்தும் முதலாளியிடமிருந்தும் காக்கும், நிறுவனத்திடம் கேட்டுப் பெறக் கூடிய அதிகாரத்திடமிருந்து காக்காது. அயலவரிடமிருந்து காக்க வேண்டுமானாலும் புதிய கணக்கில் தொடர்பிலக்கங்களை ஏற்ற விடாதீர்கள். ஏற்றினால் "உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்" என்று உங்கள் பெரியம்மாவுக்கே அந்தக் கணக்கைக் காட்டிவிடும்.

5. வாட்ஸ்அப், சிக்னல்

வாட்ஸ்அப்பில் ஐந்து இடம்:

'லிங்க்ட் டிவைசஸ்' திறந்து பாருங்கள். அலுவலகக் கணினியிலோ பிரிண்ட் எடுக்கப் போன கடையிலோ திறந்த வாட்ஸ்அப் வெப் இன்னும் அங்கே திறந்தே இருக்கலாம். தெரியாததை வெளியேற்றுங்கள்.

'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' இயக்கி 6 இலக்க பின் வையுங்கள். நண்பரின் இலக்கத்திலிருந்து "தவறுதலா உமக்கு ஒரு கோட் வந்திட்டுது, அனுப்பும்" என்று செய்தி வந்தால், நண்பரின் கணக்கு ஏற்கெனவே பறிபோய்விட்டது, அடுத்தது நீங்கள். கோட்டை எவருக்கும் அனுப்பாதீர்கள், அவருக்குச் சாதாரண அழைப்பு எடுத்துச் சொல்லுங்கள்.

பேக்கப்பைக் குறியாக்கம் செய்யுங்கள். செய்திகள் போகும் வழியில் பூட்டியிருந்தாலும், கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ கிடக்கும் பிரதியை நீங்கள்தான் தனியாகப் பூட்ட வேண்டும். அந்தக் கடவுச்சொல்லை மறந்தால் எவராலும் திறந்து தர முடியாது, கொப்பியில் எழுதுங்கள்.

'குரூப்ஸ்' பகுதியில் உங்களைச் சேர்க்கக் கூடியவர்கள் 'மை கொன்டாக்ட்ஸ்' மட்டும் என்று மாற்றுங்கள். தெரியாத குழுவில் சேர்க்கப்பட்ட நிமிடமே உங்கள் இலக்கம் அங்குள்ள எல்லோருக்கும் தெரிந்துவிடும். வெறுப்புப் பேச்சு நடக்கும் குழுவின் உறுப்பினர் பட்டியலில் உங்கள் இலக்கம் இருப்பதை விளக்குவது பெரிய சிரமம்.

மறையும் செய்தியை இயக்குங்கள்: 24 மணி, 7 நாள், 90 நாள் மூன்றில் ஒன்று.

தகவல் தருபவர்களுடன் பேச சிக்னல் செயலி நல்லது. அதில் இலக்கத்தை மறைத்துப் பயனர் பெயரால் தொடர்புகொள்ளலாம். 'ஃபோன் நம்பர்' பகுதியில் யார் பார்க்கலாம், யார் இலக்கத்தால் தேடலாம் இரண்டையும் 'நோபடி' ஆக்குங்கள். உங்கள் இலக்கத்தை வேறொருவர் சிக்னலில் பதிவதைத் தடுக்க 'ரெஜிஸ்ட்ரேஷன் லொக்' இயக்குங்கள். டெலிகிராம் பாதுகாப்பானது என்று பரவலாக நம்பப்படுகிறது. அதன் சாதாரண அரட்டைகளும் குழுக்களும் முனைக்கு முனை குறியாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே வாசிக்கக் கூடிய பூட்டு) இல்லாதவை, 'சீக்ரெட் சட்' என்று தனியாகத் திறந்த இருவர் உரையாடலுக்கு மட்டுமே அது உண்டு.

எந்தச் செயலியும் மறுமுனையில் இருப்பவர் ஸ்கிரீன்ஷொட் எடுப்பதை முழுதாகத் தடுக்காது. அநேகமான கசிவுகள் அங்கேதான் நடக்கின்றன, குறியாக்கத்தை உடைத்து அல்ல.

6. பதிவிடுமுன்

அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தை ஒவ்வொரு பிரசைக்கும் தருகிறது. அதே நேரம் உங்களுக்கு எதிராக எடுக்கப்படக் கூடிய சட்டங்கள் மூன்றையாவது பெயர் தெரிந்து வைத்திருங்கள்.

2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டம்: 3ஆம் பிரிவு தேசிய, இன, மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. தண்டனை 10 ஆண்டு வரை. இதில் நீதவான் பிணை தர முடியாது, மேல் நீதிமன்றம்தான் விசேட காரணம் பார்த்துத் தரலாம். ஆகவே கைதானால் முதல் வாரத்தில் வீட்டுக்கு வரலாம் என்ற கணக்கு பொய்த்துவிடும். 2020 ஏப்ரலில் முகநூல் பதிவுக்காகக் கைதான ரம்சி ராசிக்குக்கு செப்டம்பரில்தான் பிணை கிடைத்தது. அந்தக் கைது அவரது உரிமையை மீறியது என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2023 நவம்பரில்.

2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம்: இதன் மையம் "பொய்யான கூற்று". ஒருவரின் தனிப்பட்ட தகவலைத் தொல்லை தரும் நோக்கில் வெளியிடுவதும் இதற்குள் வரும்.

பயங்கரவாதத் தடைச் சட்டம்: சாதாரண வழக்கில் பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. இந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவின் கீழ் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலோ அதற்கு மேலோ உள்ளவரிடம் கொடுத்தது செல்லும்.

சட்டங்கள் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. அன்றைய நிலையைச் சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவற்றைத் தெரிந்துகொண்டு வாயை மூடச் சொல்லவில்லை. எழுதுவதற்கு ஆதாரம் சேர்க்கச் சொல்கிறோம். கூற்று ஒன்று பொய்யா மெய்யா என்பதே வழக்காகும் இடத்தில், உங்கள் கையில் உள்ள தாள்தான் பேசும். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு கோப்பு வையுங்கள்: மூல ஆவணம், எடுத்த திகதி, இணைய முகவரி முழுதாகத் தெரியும் ஸ்கிரீன்ஷொட். இணையப் பக்கம் என்றால், பக்கங்களின் பிரதியை வைத்திருக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமித்து அந்த இணைப்பையும் வையுங்கள், மூலப் பக்கம் நாளைக்கு மாறிவிடலாம். அரச அலுவலகம் சம்பந்தமானது என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் சரிவராவிட்டால் 2 மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடம். விண்ணப்பம் கொடுத்த அன்றே ஏற்புச் சான்று வாங்காவிட்டால் இந்த நாட்கணக்கைப் பிறகு நிரூபிக்க முடியாது. அதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

வார்த்தையில் கவனம்: "களவெடுத்தார்" என்பது கூற்று, "கணக்கில் இந்தத் தொகைக்குப் பற்றுச்சீட்டு இல்லை, ஏன் என்று பதில் சொல்ல வேண்டும்" என்பது ஆவணம் உள்ள கேள்வி. இரண்டாவதுதான் வாசிப்பவரையும் அதிகம் உறுத்தும். ஒரு சமூகத்தின் பெயரை எழுவாயாக வைத்து வாக்கியம் தொடங்காதீர்கள், செய்தவர் யாரோ அவரை எழுவாயாக்குங்கள்.

தமிழில் எழுதுபவருக்கு இன்னொரு பொறி உண்டு. உங்கள் பதிவை விசாரிப்பவர் அதைப் பெரும்பாலும் சிங்கள மொழிபெயர்ப்பில்தான் வாசிப்பார். கவிஞர் அஹ்னாப் ஜசீம் தமிழில் எழுதிய கவிதைகளுக்காக 2020 மே மாதம் கைதானார். 2021 டிசம்பரில் பிணை, 2023 டிசம்பரில்தான் விடுதலை. "போராடு", "வேரறு", "எரி" போன்ற உருவகச் சொற்கள் மொழிமாறும்போது உருவகத்தை இழந்துவிடும். பாரமான பதிவு என்றால் நல்ல சிங்களம் தெரிந்த நண்பரைக் கொண்டு நேர்மையான மொழிபெயர்ப்பு ஒன்றை அன்றே எழுதி, கோப்பில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து இன்னொருவரின் மொழிபெயர்ப்போடு ஒப்பிட அது தேவைப்படும்.

படங்கள்: முகத்தை மங்கலாக்குவதை விடக் கறுப்புக் கட்டத்தால் மூடுவது நல்லது. முகத்தை மறைத்துப் பாடசாலைச் சீருடையின் சின்னத்தையும் முச்சக்கரவண்டி இலக்கத்தையும் விட்டுவிடுகிறார்கள், அவையும் ஆளைக் காட்டும். படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நீங்கும், 'டொகியுமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போகும். கமராவின் செட்டிங்ஸில் இருப்பிடப் பதிவை நிறுத்திவிடுவதே எளிது.

7. சமூக ஊடகம் முடக்கப்படும் நாளுக்கு

2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் 3. மூன்று தடவையும் முன்னறிவித்தல் இன்றி முகநூலும் வாட்ஸ்அப்பும் நின்றன. முடக்கத்தைத் தாண்ட உதவும் விபிஎன் செயலியை அன்றைக்குத் தேடினால் எல்லோரும் தேடுவார்கள், கையில் அகப்படுவதையெல்லாம் இறக்குவார்கள். இன்றைக்கே புரோட்டன் விபிஎன்னின் இலவச வடிவத்தையும் அதே வேலைக்கு உதவும் டோர் பிரவுசரையும் போட்டு, ஒரு தடவை இயக்கிப் பாருங்கள். பெயர் தெரியாத இலவச விபிஎன் வேண்டாம்: உங்கள் போக்குவரத்து முழுதும் அதன் வழியாகத்தான் போகும், அதை நடத்துபவர் யார் என்றே தெரியாது. விபிஎன் உங்கள் தொலைபேசி நிறுவனத்திடமிருந்து நீங்கள் போகும் தளங்களை மறைக்கும். சொந்தப் பெயரில் முகநூலுக்குள் நுழைந்தால் முகநூலுக்கு நீங்கள் யார் என்று தெரியும், அதில் மாற்றமில்லை. வங்கிச் செயலியைத் திறக்குமுன் விபிஎன்னை நிறுத்துங்கள், வெளிநாட்டு நுழைவு என்று கணக்குப் பூட்டப்படலாம்.

8. பொலிஸ் அழைத்தால்

அழைப்பு பெரும்பாலும் போனில், சிங்களத்தில் வரும். பதற்றத்தில் உடனே புறப்படாதீர்கள். பெயர், பதவி, நிலையம் அல்லது பிரிவு, எந்த முறைப்பாடு, சந்தேக நபராகவா சாட்சியாகவா என்று கேட்டு எழுதுங்கள். எழுத்தில் அனுப்பும்படி பணிவாகக் கேளுங்கள். உரையாடிய நேரத்தையும் குறியுங்கள்.

அடுத்த அழைப்பு சட்டத்தரணிக்கு. இதற்கு இன்றைக்கே இருவரின் இலக்கம் கொப்பியிலும், ஒருவருடையது மனப்பாடமாகவும் இருக்க வேண்டும். போனை எடுத்துவிட்டால் தொடர்புப் பட்டியலும் போய்விடும். பொலிஸ் நிலையத்தில் கட்சிக்காரருக்காகச் சட்டத்தரணி தோன்றுவதற்கு 2012இல் வர்த்தமானியில் வெளியான விதிகள் இடம் தருகின்றன. வசதி குறைந்தவர்கள் புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

அழைப்பு வந்த பிறகு எதையும் அழிக்காதீர்கள். பதிவை நீக்குவது, அரட்டையைத் துடைப்பது, போனை ரீசெட் செய்வது எல்லாம் சாட்சியத்தை அழித்ததாகப் பார்க்கப்படும். சாதாரண பதிவொன்றைக் கடுமையான வழக்காக்குவது பல வேளை இந்தப் பதற்றம்தான்.

போகும்போது அடையாள அட்டை, அதன் பிரதி, பதிவின் ஆதாரக் கோப்பின் பிரதி, தினமும் எடுக்கும் மருந்து இருந்தால் மருத்துவச் சீட்டுடன் கொண்டு போங்கள். போய்ச் சேர்ந்த நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவர் குறிக்கட்டும்.

வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு, தமிழும் அரச கரும மொழி. உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்டதில் ஒப்பமிட நேர்ந்தால், "எனக்கு வாசித்து விளங்கப்படுத்தப்படவில்லை" என்பதைத் தமிழில் ஒப்பத்துக்கு மேலே எழுதுங்கள். வாசித்துக் காட்டினால், யார் மொழிபெயர்த்தார் என்று எழுதுங்கள்.

போனைக் கேட்டால்: என்ன அதிகாரத்தின் கீழ், நீதவானின் கட்டளை உண்டா என்று கேளுங்கள். எடுத்துச் சென்றால் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் கைப்பற்றியவற்றின் பட்டியலைத் திகதி நேரத்துடன் தரச் சொல்கிறது. பட்டியலில் போனின் ஐஎம்இஐ இலக்கம் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி இலக்கம்) இருக்க வேண்டும். அதை *#06# அடித்துப் பார்த்து இன்றைக்கே கொப்பியில் எழுதுங்கள். கடவுச்சொல்லைக் கொடுப்பதா என்பதைச் சட்டத்தரணியுடன் பேசிய பிறகு தீர்மானியுங்கள். கையால் தடுப்பதோ போனைத் தூக்கி எறிவதோ வேண்டாம்.

கைது என்றால் காரணம் சொல்லப்பட வேண்டும். சாதாரண சட்டத்தில் 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் கொண்டு போக வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டம் என்றால் 48 மணி நேரத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கும் கடமை கைது செய்தவருக்கு உண்டு. வீட்டார் அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை: ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு உடனே எடுத்து, முறைப்பாட்டு இலக்கம் வாங்குங்கள். தலைமை அலுவலகம் கொழும்பு 4, ஆர்.ஏ. டி மெல் மாவத்தையில் இருக்கிறது.

இனி எல்லாவற்றிலும் முக்கியமான திகதி. உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான் தவணை. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த மாதத்தில் சேராது. ஆனால் முறைப்பாட்டுத் தாளைக் கொடுத்துவிட்டால் போதும் என்று இருந்து ஏமாந்தவர்கள் பலர். விசாரணை உண்மையில் நடக்கிறது என்று நீதிமன்றத்தில் காட்ட வேண்டிவரும். ஆகவே முறைப்பாட்டையும் கொடுங்கள், மனுவையும் மாதத்துக்குள் தயார் செய்யுங்கள். உள்ளே இருப்பவரால் இது முடியாது, வெளியே இருக்கும் ஒருவர் திகதியை எண்ண வேண்டும். அவர் யார் என்று இன்றைக்கே பேசி வையுங்கள்.

9. மற்றவர்கள் உங்களைத் தாக்கினால்

போலிக் கணக்கு, மிரட்டல், அந்தரங்கப் படம் எதுவானாலும் முதல் வேலை ஆதாரம், இரண்டாவதுதான் 'ரிப்போர்ட்'. ரிப்போர்ட் அடித்ததும் பதிவு மறைந்துவிட்டால் பொலிஸுக்குக் காட்ட ஒன்றும் இராது. கணக்கின் பெயர் மட்டும் போதாது, பெயர் மாறும். அதன் முழு இணைப்பையும் பதிவின் இணைப்பையும் எழுதுங்கள். தொழில்நுட்ப உதவிக்கு, இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101 இலக்கம் உண்டு. குற்ற விசாரணைக்கு உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையம் அல்லது குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்றப் பிரிவு.

அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டுகிறவனுக்குப் பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் திரும்பக் கேட்பான். 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஸ்டொப் என்சிஐஐ தளத்தைப் பாவிக்கலாம். படத்தை எவருக்கும் அனுப்பத் தேவையில்லை, உங்கள் போனிலேயே அதற்கு ஓர் எண்மத் தடம் உருவாகி, அந்தத் தடம் மட்டும் முகநூல், இன்ஸ்டாகிராம் போன்றவற்றுக்குப் போய்ப் பதிவேற்றத்தைத் தடுக்கும். 18க்குக் கீழ் என்றால் டேக் இட் டவுன் தளம், சிறுவர் உதவி இலக்கம் 1929. பாதிக்கப்பட்ட பெண்ணோடு கூடப் போகிறவர், அவரைக் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு, முறைப்பாட்டின் திகதியையும் இலக்கத்தையும் குறித்துக்கொள்ளட்டும். அடுத்த தடவை விசாரிக்கப் போகும்போது கவுண்டரில் முதலில் கேட்பது அந்த இலக்கத்தைத்தான்.